தண்ணீரில் தள்ளிவிட்டால் நீச்சல் வராது

ஆங்கிலம் பேசக் கற்றுத்தரும் வகுப்பு எதில் போய் உட்கார்ந்தாலும் முதல் நாளே ஒரு உபதேசம் கிடைக்கும். "தமிழில் யோசிக்காதீர்கள். ஆங்கிலத்திலேயே யோசியுங்கள். அப்போதுதான் இயல்பாக வரும்." பல பள்ளிகளில் இது தண்டனையாகவே ஆகிவிட்டது. வளாகத்துக்குள் தமிழில் பேசினால் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் அபராதம். ஏன் என்று கேட்டால் எல்லோரும் எடுத்துவிடும் உவமை ஒன்றுதான்: "கரையில் நின்றுகொண்டு நீச்சல் பழக முடியுமா? பிடித்துத் தண்ணீரில் தள்ளிவிட்டால் தானாகக் கைகால் அடித்து மேலே வந்துவிடுவான். ஆங்கிலமும் அப்படித்தான்."

இருபது வருடங்களுக்கு மேலாகத் திருச்சியில் மாலை நேர ஆங்கில வகுப்பு நடத்திவரும் நான், இந்தக் கருத்தை அடியோடு மறுக்கிறேன். அந்த உவமையிலிருந்தே தொடங்குகிறேன். அதைச் சொல்கிறவர்கள் யாரும் ஒரு குழந்தைக்கு நீச்சல் பழக்குவதைக் கூட இருந்து பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

எனக்கு நீச்சல் பழக்கியவர் என் தாய்மாமா. கோடை விடுமுறையில், தோட்டத்துக் கிணற்றில். முதல் இரண்டு நாள் படிக்கட்டை விட்டு இறங்கவே விடவில்லை. கடைசிப் படியைப் பிடித்துக்கொண்டு காலை மட்டும் அடிக்கச் சொன்னார். மூன்றாம் நாள் முதுகில் இரண்டு சுரைக்குடுக்கைகளைக் கட்டி, இடுப்பில் கயிறு போட்டு, கயிற்றின் மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு இறக்கிவிட்டார். ஒரு வாரத்தில் ஒரு குடுக்கை குறைந்தது. இரண்டாவது எந்த நாளில் போனது என்று எனக்கு நினைவில்லை. ஒருநாள் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தபோதுதான் முதுகு வெறுமையாக இருப்பது தெரிந்தது. அதே கிணற்றில் என் வயதுப் பையன் ஒருவனை விளையாட்டாகத் தள்ளிவிட்டார்கள். இரண்டு முறை முங்கி எழுந்தவனைத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார்கள். அவன் அதன் பிறகு எந்தக் கிணற்றிலும் இறங்கவில்லை.

தள்ளிவிட்டுப் பழக்குவது என்பது கரையில் உட்கார்ந்து சொல்லும் கதை. பழக்கத் தெரிந்தவர்கள், பிள்ளை ஏற்கெனவே எதைப் பற்றிக்கொண்டு நிற்கிறதோ அதிலிருந்து தொடங்குவார்கள்.

சில வருடங்களுக்கு முன் ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். முசிறிப் பக்கம், காவிரிக்கரை ஊர். நடக்கத் தொடங்கியதிலிருந்து ஆற்றில் கிடந்தவர். வளைகுடா நாட்டு ஹோட்டல் ஒன்றின் நீச்சல் குளத்தில் லைஃப்கார்டு வேலைக்கு விண்ணப்பித்து, தொலைபேசி நேர்காணலில் தோற்றுப்போயிருந்தார். அதற்கு முன் ஆறு மாதம் ஒரு பயிற்சி மையத்தில் பணம் கட்டிப் படித்தவர். அங்கே தமிழில் வாயைத் திறந்தாலே அபராதம். நேர்காணலில் என்ன கேட்டார்கள் என்று விசாரித்தேன். ஒரு குழந்தை ‘அவுட் ஆஃப் இட்ஸ் டெப்த்’ ஆகிவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டிருக்கிறார்கள்.

"டெப்த்னா ஆழம், அவுட்னா வெளியே. ஆழத்துக்கு வெளியே இருந்தா நல்லதுதானே சார்? அதான் நோ ப்ராப்ளம்னு சொல்லிட்டேன்."

நான் கேட்டேன்: "நீங்க ஆத்துல இறங்கும்போது முன்னால போறவனைப் பார்த்து என்ன கேப்பீங்க?"

"நிலை இருக்கான்னு கேப்போம்."

"இல்லேன்னா?"

"நிலை இல்லடா, வராதன்னு கத்துவான்."

"அந்த நிலை இல்லாததுதாம்ப்பா அவுட் ஆஃப் டெப்த்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இத ஒருத்தரும் சொல்லலையே சார்" என்றார்.

அவருக்கு அந்தக் கேள்விக்கான பதில் தெரியாமல் இல்லை. கால் எட்டாத இடத்தில் தடுமாறும் குழந்தையை எந்தப் பக்கமாக நெருங்க வேண்டும், அது கழுத்தைக் கட்டிக்கொள்ளாமல் எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் உடம்புக்கே தெரியும். அந்த அறிவு முழுவதும் தமிழில் இருந்தது. ‘நிலை’ என்ற ஒரு சொல்லில் இருந்தது. அந்தச் சொல்லைத் தொடாதே என்று ஆறு மாதம் பணம் வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் யோசி என்றால் அவர் எதை வைத்து யோசிப்பார்? கையில் இருந்தவை முப்பது நாற்பது மனப்பாட வாக்கியங்கள். அந்த வாக்கியங்கள் எதிலும் தண்ணீர் இல்லை, ஆழம் இல்லை, மூச்சு இல்லை.

தமிழும் ஆங்கிலமும் இந்த இடத்தில் எவ்வளவு நெருங்கி வருகின்றன என்று பாருங்கள். கால் ஊன்ற முடியாத இடத்தில் தவிப்பதை இரண்டு மொழிகளுமே பிறகு வாழ்க்கைக்கு எடுத்துக்கொண்டன. தனக்குப் புரியாத வேலையில் மாட்டிக்கொண்டவனை ஆங்கிலக்காரர்கள் அதே ‘அவுட் ஆஃப் டெப்த்’ என்பார்கள். நாம் நிலைகொள்ளாமல் தவிக்கிறான் என்போம். ‘இடுப்பளவு தண்ணீர்’, ‘கழுத்தளவு தண்ணீர்’ என்று நாம் ஒட்டிச் சொல்வதுபோலவே அவர்களும் ‘வெய்ஸ்ட்-டீப்’, ‘நெக்-டீப்’ என்று ஒட்டுகிறார்கள். தமிழில் இந்தக் கட்டமைப்பு இருப்பதை எடுத்துக்காட்டினால் மாணவருக்கு ஒரு நிமிடத்தில் பிடிபடும். காட்டாவிட்டால் ‘வாட்டர் இஸ் கமிங் டில் நெக்’ என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்.

எதிர்ப்பக்கத்தின் வலுவான வாதம் எனக்குத் தெரியும். தமிழைச் சொல்லுக்குச் சொல் மாற்றுவதால்தான் நம் ஆங்கிலம் கோணலாகிறது, ஆகவே வேரை வெட்டு என்கிறார்கள். நோய் அவர்கள் சொல்வதுதான். ‘நீச்சலுக்குப் போறேன்’ என்பதில் உள்ள ‘-க்கு’வைத் தூக்கிக்கொண்டு போய்த்தான் ‘ஐ ஆம் கோயிங் ஃபார் ஸ்விம்மிங்’ என்கிறோம். ஆங்கிலக்காரர்கள் ‘ஐ ஆம் கோயிங் ஸ்விம்மிங்’ என்பார்கள், இல்லாவிட்டால் ‘ஐ ஆம் கோயிங் ஃபார் எ ஸ்விம்’ என்பார்கள். இரண்டையும் கலந்து மூன்றாவதாக ஒன்றைச் செய்வது நாம்தான். ஆனால் இந்தப் பிழையை யார் செய்கிறார்கள் என்று கவனியுங்கள். தமிழில் யோசிக்காதே என்று பன்னிரண்டு வருடம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள்தான் செய்கிறார்கள். தடை போட்டதால் தமிழ் மனதை விட்டுப் போய்விடவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய் அங்கிருந்து வேலை செய்கிறது. அதை வெளியே எடுத்து மேஜையில் வைத்து, ‘இங்கே நம் ‘-க்கு’ இரண்டு வேலை செய்கிறது, அவர்கள் அதற்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள்’ என்று காட்டினால் பிழை போகும். என் வகுப்பில் போயிருக்கிறது.

ஒரே ஒரு தமிழ் வினையை எடுத்துக்கொள்கிறேன். ‘பிடி’. நீச்சல் குளத்தில் ஒரு மணி நேரம் இருந்தால் இந்தச் சொல் பத்து முறையாவது காதில் விழும். ‘மூச்சைப் பிடி’ என்றால் ஆங்கிலத்தில் ‘ஹோல்ட் யுவர் ப்ரெத்’. பிடி என்பதற்கு அகராதியில் ‘கேட்ச்’ என்றும் பொருள் இருக்கிறதே என்று ‘கேட்ச் யுவர் ப்ரெத்’ என்று சொன்னால் பொருள் ஏறக்குறைய எதிராகிவிடும். வாங்கிய மூச்சு அடங்கும்வரை இளைப்பாறு என்பது அதன் பொருள். முங்கப் போகிறவனிடம் இதைச் சொன்னால் அவன் கரையேறி உட்கார்ந்துகொள்வான். ‘கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு’ என்பதை நம் ஊரில் ‘மசில் கேட்ச் ஆயிடுச்சு’ என்று ஆங்கிலமாகவே நம்பிச் சொல்கிறோம். வெளிநாட்டுக் குளத்தில் நடு ஆழத்தில் நின்று ‘மசில் கேட்ச்’ என்று கத்தினால் எவருக்கும் புரியாது. ‘ஐ ஹேவ் காட் க்ராம்ப்’ என்று கத்த வேண்டும். தலை துவட்டாமல் வந்தால் ‘சளி பிடிக்கும்’. இங்கே ஆங்கிலத்திலும் ‘கேட்ச்’தான், ஆனால் பிடிப்பவர் மாறிவிடுகிறார். தமிழில் சளி நம்மைப் பிடிக்கிறது. ஆங்கிலத்தில் நாம் போய்ச் சளியைப் பிடிக்கிறோம்: ‘யூ வில் கேட்ச் எ கோல்ட்’. கடைசியாக, ‘எனக்கு நீச்சல் பிடிக்கும்’. அது ‘ஐ லைக் ஸ்விம்மிங்’.

ஒரு தமிழ்ச் சொல்லுக்கு நான்கு ஆங்கில வழிகள். இந்த நான்கையும் ‘பிடி’ என்ற நூலில் கோத்துக் கொடுத்தால் பதினைந்து நிமிடத்தில் ஒரு வகுப்பே கற்றுக்கொள்கிறது. மறுநாளும் மறப்பதில்லை. ‘ஹோல்ட்’, ‘க்ராம்ப்’, ‘கேட்ச்’, ‘லைக்’ என்று தனித்தனிப் பக்கங்களில், தமிழ் வாடையே இல்லாமல் கற்பித்தால் நான்கு வாரமாகும். அப்போதும் குளத்தில் இறங்கியவுடன் ‘மசில் கேட்ச்’தான் வாயில் வரும், ஏனென்றால் வலி வரும்போது வாய்க்கு வருவது தமிழ்.

மூச்சு, மூக்கு, தொண்டை என்று வரும்போது இந்த ஒப்பீடு இன்னும் சுவையானது. மூக்கில் தண்ணீர் ஏறுகிறது நமக்கு. அவர்களுக்கும் ‘அப் மை நோஸ்’, மேலேதான் ஏறுகிறது. ஆனால் குடிக்கிற தண்ணீர் தவறான குழாய்க்குள் போனால் நமக்குப் புரை ‘ஏறும்’. அவர்களுக்கு அது ‘வென்ட் டவுன் த ராங் வே’, கீழே இறங்கும். தினம் சாப்பாட்டு மேஜையில் நடக்கிற இந்த எளிய விஷயத்தை ஆங்கிலத்தில் சொல்லத் தெரிந்த பட்டதாரிகளை நான் அதிகம் பார்த்ததில்லை. ‘புரை ஏறிருச்சு’ என்பதிலிருந்து தொடங்காத பாடத்தில் அது வருவதே இல்லை.

‘மூழ்கு’ இன்னொன்று. தமிழில் மூழ்கினவன் எழுந்தும் வரலாம். அதனால்தான் செய்தித்தாள்கள் ‘மூழ்கி இறந்தார்’ என்று இரண்டு சொல் போடுகின்றன. ஆங்கில ‘ட்ரவுன்ட்’ ஒற்றைச் சொல்லிலேயே உயிரை எடுத்துவிடும். ‘சின்ன வயதில் ஒருமுறை நான் ட்ரவுன்ட்’ என்று சொல்லும் மாணவர்களைத் திருத்தியிருக்கிறேன். ‘நியர்லி ட்ரவுன்ட்’ என்று ஒரு சொல் சேர்த்தால்தான் சொல்பவர் உயிரோடு இருப்பார். கப்பலும் கல்லும் முழுகினால் ‘சிங்க்’, மூச்சு முட்டி உயிர் போனால் ‘ட்ரவுன்’ என்று அவர்கள் பிரித்து வைத்திருப்பதும் இங்கேயே விளங்கும்.

இனி, தமிழின் பிழை என்று எல்லோரும் கைகாட்டும் ஒரு வாக்கியம்: ‘ஐ நோ ஸ்விம்மிங்’. ‘எனக்கு நீச்சல் தெரியும்’ என்பதன் அச்சு என்று இதைக் கண்டிப்பார்கள். ‘ஐ கேன் ஸ்விம்’ என்று சொல்ல வேண்டும், சரிதான். ஆனால் திருத்துகிறவர் அடுத்த படிக்குப் போவதில்லை. தமிழ் இங்கே இரண்டு விஷயங்களைப் பிரிக்கிறது. ‘எனக்கு நீந்தத் தெரியும்’ என்றால் கற்ற வித்தை. ‘இன்று என்னால் நீந்த முடியாது’ என்றால் தோள் வலி, காய்ச்சல், அல்லது ஆற்றில் வெள்ளம். பிரெஞ்சு மொழியும் இப்படித்தான் இரண்டு வினைகளால் பிரிக்கிறது. ஆங்கிலம் இரண்டையும் ‘கேன்’ என்ற ஒரே சொல்லுக்குள் போட்டுவிட்டது. அந்தக் ‘கேன்’ எங்கிருந்து வந்தது? பழைய ஆங்கிலத்தில் அதன் மூல வினைக்குத் ‘தெரிந்திரு’ என்றுதான் பொருள். சூட்சுமம் தெரிந்தவனைச் சொல்லும் ‘கன்னிங்’ என்ற சொல்லும் அதே வேரில் முளைத்தது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலேயனும் நம்மைப்போலவே ‘நீந்தத் தெரியும்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். இதை ஒரு கிராமத்துப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். தன் மொழி ஒரு குறைபாடு என்று குனிந்து உட்கார்ந்திருந்த பிள்ளை நிமிர்ந்து உட்காரும்.

‘குளி’க்கும் இதே கதைதான். ஆற்றில் குளிக்கப் போனோம் என்றால் அதில் நீந்தியது, குதித்தது, துண்டு விரித்து மீன் பிடித்தது எல்லாம் அடங்கும். இன்றைய ஆங்கிலத்தில் அதற்கு ‘வென்ட் ஃபார் எ ஸ்விம்’ என்று சொல்ல வேண்டும். ‘டுக் பாத்’ என்றால் சோப்பும் குளியல் தொட்டியும்தான் அவர்கள் கண்ணுக்கு வரும். ஆனால் பிரிட்டனிலும் கடலில் இறங்குவதைப் ‘பேத்’ செய்வது என்றுதான் நெடுங்காலம் சொன்னார்கள். நீச்சல் உடைக்குப் ‘பேதிங் காஸ்ட்யூம்’ என்று பெயர் வந்தது அதனால்தான். அவர்கள் பழக்கம் மாறியது, நம் பழக்கம் மாறவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இதுவரை தனிச் சொற்கள். என் வாதத்தின் நடுத்தூண் இனிமேல்தான் வருகிறது.

1994-ல் குற்றாலீஸ்வரன் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தபோது அவருக்கு வயது 12. இந்த வாக்கியத்தை மாணவர்களிடம் கொடுத்தால் பத்தில் ஒன்பது பேர், ‘ஹி க்ராஸ்ட் த இங்கிலீஷ் சேனல் பை ஸ்விம்மிங்’ என்பார்கள். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் எந்த ஆங்கிலக்காரரும் அப்படிச் சொல்ல மாட்டார். ‘ஹி ஸ்வாம் த சேனல்’ என்பார். ஆறாக இருந்தால் ‘ஸ்வாம் அக்ராஸ் த ரிவர்’ என்பார். ஏன் இந்த வேறுபாடு?

தமிழ் இரண்டு வினைகளை அடுக்குகிறது: நீந்தி, கடந்தான். எப்படிப் போனான் என்பது வினையெச்சத்தில் இருக்கிறது. எந்தப் பக்கம் போனான் என்பது முற்றுவினையில் இருக்கிறது. ஆங்கிலம் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறது. எப்படி என்பதுதான் அங்கே முதன்மை வினை. எந்தப் பக்கம் என்பது வினைக்குப் பின்னால் ஒரு சின்னச் சொல்லாகச் சுருங்கிவிடும். நீந்தித் திரும்பினான் என்றால் ‘ஸ்வாம் பேக்’. நீந்திக் கரைசேர்ந்தான் என்றால் ‘ஸ்வாம் அஷோர்’. நீந்திப் பக்கத்தில் வந்தான் என்றால் ‘ஸ்வாம் அப் டு மீ’. உலக மொழிகள் இயக்கத்தைச் சொல்லும் விதத்தில் இப்படி இரண்டு பெரும் வகையாகப் பிரிகின்றன என்று மொழியியலாளர் லியோனார்ட் டால்மி 1980-களில் விரிவாக எழுதினார். ஆனால் அவரைப் படிக்காமலேயே, தமிழையும் ஆங்கிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் எந்த ஆசிரியருக்கும் இது தென்பட்டுவிடும்.

தென்பட்டுவிட்டால் நீச்சல் குளத்தோடு நிற்காது, வீட்டுக்குள் வரும். விளக்கை ஊதி அணைத்தாள்: ‘ப்ளூ அவுட்’. காகிதத்தைக் கிழித்துப் போட்டான்: ‘டோர் அப்’. கதவைத் தள்ளித் திறந்தான்: ‘புஷ்ட் இட் ஓபன்’. கறையைத் துடைத்து எடுத்தாள்: ‘வைப்ட் இட் ஆஃப்’. தூங்கினவனை உலுக்கி எழுப்பினேன்: ‘ஷுக் ஹிம் அவேக்’. குழந்தை தவழ்ந்து உள்ளே வந்தது: ‘க்ரால்ட் இன்’. ஒவ்வொன்றிலும் தமிழ் வினையெச்சம் ஆங்கிலத்தில் முதன்மை வினையாக எழுந்து நிற்கிறது. தமிழ் முற்றுவினை ஒரு துணைச்சொல்லாக உட்கார்ந்துகொள்கிறது. எல்லா இடத்திலும் இது பொருந்தாது. ‘திரும்பி வந்தான்’ என்பதில் எச்சமே திசையைச் சொல்வதால் அது ‘கேம் பேக்’ ஆகிவிடும். எச்சம் ‘எப்படி’ என்று சொல்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆங்கிலம் கற்கும் தமிழர்களை மிக அதிகமாகப் பயமுறுத்துவது ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்ற பெயரில் வரும் நீண்ட பட்டியல்கள். ‘ப்ளோ அவுட்’, ‘டேர் அப்’, ‘வைப் ஆஃப்’ என்று ஐந்நூறு, ஆயிரம் என்று அகர வரிசையில் அச்சடித்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். அவற்றில் ஒரு பெரும் பங்கை, பேசத் தொடங்கிய வயதிலேயே நம் குழந்தைகள் வாயில் வரும் ‘ஊதி அணை’, ‘கிழித்துப் போடு’ என்ற அடுக்குகள் திறந்து கொடுக்கும். தமிழில் யோசிக்காதே என்று சொல்பவர், இதைத்தான் பிள்ளையின் கையிலிருந்து பிடுங்குகிறார்.

இந்தப் பிடுங்கல் எங்கிருந்து வந்தது? 1878-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் மேக்ஸிமிலியன் பெர்லிட்ஸ் தொடங்கிய பள்ளி, வகுப்பில் மாணவரின் தாய்மொழியை அறவே ஒதுக்கிவைக்கும் முறையை உலகமெங்கும் பரப்பியது. அந்த நிறுவனம் சொல்லிவரும் கதையின்படி, பெர்லிட்ஸ் நோயில் படுத்தபோது ஆங்கிலமே தெரியாத ஒரு பிரெஞ்சுக்காரர் அவருக்குப் பதிலாக வகுப்பெடுத்தார். மாணவர்கள் அதிசயமாக முன்னேறினார்கள். இருக்கட்டும். கற்றவர்கள் ஆங்கிலம் பேசும் அமெரிக்கர்கள். கற்ற மொழி, ஆங்கிலத்துக்குச் சொற்களை அள்ளிக் கொடுத்த பிரெஞ்சு. இரண்டும் அண்டை வீடு. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும் தூரம் அதுவல்ல.

பிறகு 1961-ல் உகாண்டாவின் மகரேரேயில் காமன்வெல்த் நாடுகளின் ஆங்கிலக் கல்வி மாநாடு ஒன்று நடந்தது. ஆங்கிலத்தை ஆங்கிலத்தின் வழியாகவே கற்பிப்பதுதான் சிறந்தது என்ற எண்ணம் அங்கே வேரூன்றியதை ராபர்ட் ஃபிலிப்ஸன் 1992-ல் வெளியிட்ட ‘லிங்குயிஸ்டிக் இம்பீரியலிசம்’ நூலில் விரிவாக எடுத்துக்காட்டி, அதை ஒரு போலிக் கொள்கை என்று நிராகரித்தார். அந்தக் கொள்கைக்கு எளிய காரணம் ஒன்றும் உண்டு. லண்டனிலிருந்து வரும் ஆசிரியருக்கு உள்ளூர் மொழி தெரியாது. தெரியாததை வகுப்பிலிருந்து விலக்கிவைப்பது அவருக்கு வசதி. நம் ஊர் ஆசிரியருக்குத் தமிழ் தெரியும். தனக்குத் தெரிந்ததைத் தெரியாததுபோல் மறைத்துவைத்துக்கொண்டு, இல்லாத ஒருவரின் இயலாமையை அவர் ஏன் நடிக்க வேண்டும்?

எதிர்த் திசையிலும் உழைத்தவர்கள் இருக்கிறார்கள். வேல்ஸ் நாட்டில் சி. ஜே. டாட்ஸன் 1967-ல் இருமொழி முறை என்ற ஒன்றை வகுத்தார். வாக்கியத்தைப் புதிய மொழியில் சொல்லி, உடனே அதன் முழுப் பொருளைத் தாய்மொழியில் சொல்வது. சொல்லுக்குச் சொல் கிடையாது, வாக்கியத்துக்கு வாக்கியம். கை குக் 2010-ல், மொழி கற்பிப்பதில் மொழிபெயர்ப்புக்கு உரிய இடத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு முழு நூலே எழுதினார். நம் கரைக்கு வந்த வெளிநாட்டாரையே பாருங்கள். 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து எழுத்துப் பழகினார். பிறகு சொற்களைத் திரட்டித் தன் மொழியில் பொருள் எழுதிவைத்தார். ஜெர்மானியரான ஃபெப்ரீஷியஸின் தமிழ்-ஆங்கில அகராதி 1779-ல் வேப்பேரியில் அச்சானது. வின்ஸ்லோவின் பேரகராதி 1862-ல் வந்தது. தமிழை ஆழமாகக் கற்ற வெளிநாட்டார் யாரும் தம் மொழியைக் கழற்றி வைத்துவிட்டு நம் மொழிக்குள் இறங்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டார்கள்.

குழந்தைகள் தாய்மொழியை மொழிபெயர்த்தா கற்கின்றன என்று கேட்பார்கள். இல்லை. ஆனால் ஒரு குழந்தை விழித்திருக்கும் நேரமெல்லாம் அந்த மொழியைக் கேட்கிறது, அதற்குள்ளேயே பசியாறுகிறது, அழுகிறது, திட்டு வாங்குகிறது. நம் மாணவருக்கு ஒரு நாளில் கிடைப்பது ஒரு மணி நேரம். தெருவும் வீடும் பேருந்தும் தமிழ். அந்தக் குழந்தையின் முறையை இந்த ஒரு மணி நேரத்தில் புகுத்த முடியாது.

மொழிபெயர்த்துக்கொண்டே பேசினால் வேகம் வராது என்பது அடுத்த வாதம். தொடக்கத்தில் வராதுதான். ‘நிலை இல்லை’யிலிருந்து ‘அவுட் ஆஃப் மை டெப்த்’துக்குப் போக முதல் நாள் ஐந்து வினாடி ஆகும். இருபதாவது முறை ஒரு வினாடி. ஐம்பதாவது முறை இடையில் தமிழ் இருந்ததே தெரியாது. என் முதுகிலிருந்த இரண்டாவது குடுக்கை போன நாள் எனக்குத் தெரியாததுபோல. ஆங்கிலத்தில் யோசிப்பது என்பது கற்றலின் முடிவில் தானாக வந்து சேரும் ஒன்று. அதை வாசலிலேயே நுழைவுச் சீட்டாகக் கேட்கிறார்கள்.

‘இயல்பான ஆங்கிலம்’ என்பதை உச்சரிப்போடும் அமெரிக்கச் சாயலோடும் போட்டுக் குழப்புவதும் இதே கூட்டம்தான். குளத்தில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நீந்துவதை பிரிட்டனில் ‘லெங்த்ஸ்’ என்றும் அமெரிக்காவில் ‘லாப்ஸ்’ என்றும் எண்ணுவார்கள். இரண்டுமே அவரவர்க்கு இயல்பு. எங்கே வேலைக்குப் போகிறோமோ அந்த ஊர் வழக்கைக் கற்றுக்கொள்ளலாம். நாக்கை வளைத்து நடிக்கத் தேவையில்லை.

எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று இருக்கிறது. ஆங்கிலம் புழங்கும் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு ‘ஆங்கிலத்தில் யோசி’ என்ற கட்டளையால் ஒரு நஷ்டமும் இல்லை. அது ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது. அப்பா செங்கல் சூளையிலும் அம்மா நூற்பாலையிலும் இருக்கிற பிள்ளைக்கு, அதே கட்டளை வேறு ஒன்றைச் சொல்கிறது: உன் வீட்டில் நீ கற்ற எதுவும் இங்கே செல்லாது. கிணறும் ஆறும் ஆடும் மாடும் அடுப்பும் பற்றி உனக்குத் தெரிந்த அத்தனையையும் வெளியே வைத்துவிட்டு வெறுங்கையோடு உள்ளே வா. அப்படி உள்ளே வந்த பிள்ளை வாயே திறப்பதில்லை. வகுப்பறையின் கடைசி வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலர் ஆங்கிலம் வராதவர்கள் அல்லர். பேசுவதற்குத் தங்களிடம் எதுவும் இல்லை என்று நம்பவைக்கப்பட்டவர்கள்.

அந்த முசிறி இளைஞரோடு இரண்டு மாதம் உட்கார்ந்தேன். புத்தகம் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. ஆற்றில் ஒரு நாள் முழுக்க நடப்பதைத் தமிழில் சொல்லச் சொன்னேன். சுழல், மணல்திட்டு, நின்ற நீச்சல், முங்கி எடுப்பது, வயிற்றில் போன தண்ணீரை வெளியேற்றுவது என்று அவர் சொல்லச் சொல்ல நான் ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் அதே நேரத்தில் என்ன சொல்வார்கள் என்று எழுதிக் கொடுத்தேன். நின்ற நீச்சலுக்கு ‘ட்ரெட் வாட்டர்’ என்று சொன்னபோது, "தண்ணிய மிதிக்கிறதா சார்? நாங்க செய்றதும் அதானே" என்று தானே பொருளைக் கண்டுபிடித்தார். அடுத்த நேர்காணலில் தேறினார்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை நாளை வந்து, ‘தலை துவட்டுவதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது’ என்றோ, ‘நிலை இல்லாததை எப்படிச் சொல்வது’ என்றோ தமிழில் கேட்டால், உட்காரவைத்துப் பதில் சொல்லுங்கள். தெரியாவிட்டால் சேர்ந்து தேடுங்கள். அது தமிழில் கேட்டுவிட்டது என்பதற்காக அதன் பையிலிருந்து பத்து ரூபாய் எடுக்காதீர்கள்.